சக்கரத்தில் ஒரு வெள்ளைக் கோடு

காலையில் அடித்த கறுப்பு எனாமல் மத்தியானத்துக்குள் காய்ந்திருந்தது. வெளியே அடைமழை, சுவரெல்லாம் ஓதம், கழற்றிப்போட்ட சட்டைகூடக் காயாத நாள். பெயின்டர் எஞ்சினின் கொதிகலன்மேல் புறங்கையை வைத்துப் பார்த்தார். ஒட்டவில்லை. அவருக்கு உடனே பேய் நினைவு வரவில்லை, மச்சினன் நினைவுதான் வந்தது.

பல் துலக்கும்போது பேஸ்ட்டையே சந்தேகப்படுகிற மனிதர் அவர். மனைவி தன் தம்பியை, "பத்திரமாப் பாத்துக்கோங்க" என்று ஒப்படைத்து வேலைக்கு அனுப்பியிருந்தாள். அவன் சீக்கிரம் காயட்டும் என்று பெயின்டில் தின்னரை அள்ளி ஊற்றி வேலையைக் கெடுக்கிறான் என்று இவர் முடிவுகட்டிவிட்டார்.

"டப்பாவையே நான் தொடல மாமா."

"அப்போ எஞ்சின் தானாக் காய வச்சுக்கிச்சா?"

மூடிப்போன மலை ரயில்பாதையின் கடைசி நீராவி எஞ்சின் அது. காட்சிக்கு வைப்பதற்காகக் கொட்டகையில், அது நிற்கும் அளவே உள்ள தண்டவாளத்தில் நிறுத்தியிருந்தார்கள். கரியும் தண்ணீரும் கண்டு ஒரு தலைமுறை ஆகியிருந்தது.

ஆனால் சக்கரத்துக்கு அடித்த சிவப்பு, சக்கரம் நின்ற இடத்திலிருந்து தள்ளித் தண்டவாளத்தில் பதிந்திருந்தது. கடப்பாரை போட்டு அசைத்து விளையாடுகிறான் பயல். அவனைப் பிடிக்க, பூட்டும்போது சக்கரத்திலிருந்து தண்டவாளம்வரை ஒரே வெள்ளைக் கோடு இழுத்துவிட்டுப் போனார். காலையில் பூட்டு அப்படியே இருந்தது. சக்கரத்துக் கோடு மட்டும் தண்டவாளத்துக் கோட்டைவிட்டு ஒரு சாண் விலகியிருந்தது. கள்ளச்சாவி போட்டிருக்கிறான் என்று பெயின்டர் பல்லைக் கடித்தார்.

அன்று எஞ்சினில் கரி எரியும் நெருப்புப்பெட்டிக்குள் துருத்தடுப்பு பூச வேண்டும். ஒல்லியான மச்சினன்தான் அதன் குறுகிய வாய் வழியாக நுழைய முடியும். வாடையில் மயங்கிவிடவில்லை என்று காட்ட உள்ளே இருப்பவர் அவ்வப்போது தட்ட வேண்டும், வெளியே இருப்பவர் பிரஷ் காம்பால் பதில் தட்ட வேண்டும். தொழிலில் அதுதான் வழக்கம்.

"தட்டுனா தட்டணும் மாமா. கோவத்துல விட்றாதீங்க."

அவன் நுழைந்தான். தட்டினான். இவர் தட்டினார். பிறகு அந்தச் சாவி நினைவு வந்தது. கொஞ்சம் பயப்படட்டும், உண்மை தானாக வரும்.

அடுத்த தட்டலுக்கு அவர் பதில் தரவில்லை.

மழை தகரக்கூரையில் இரைந்தது. உள்ளேயிருந்து வேகவேகமாகத் தட்டல். நடிக்கிறான். கம்பி தேய்வது போல எங்கோ ஒரு சத்தம். காற்றில் பழைய கரி வாடை. தட்டல் சீரானது. ஒன்று. இடைவெளி. ஒன்று. மனிதக் கை அப்படித் தட்டாது.

அவருக்கு மனசு கேட்கவில்லை. "சரிடா, போதும், வெளிய வா" என்று கொதிகலனில் கை வைத்தார்.

சுட்டது.

ஓட்டுநர் மேடைக்கு ஓடினார். அவன் நுழைந்த நெருப்புவாயின் கதவு மூடியிருந்தது. கதவின் இடுக்கெல்லாம் கறுப்பு எனாமல். விரிசலே இல்லை. காய்ந்து, கல்லாகி, பளபளத்தது. அங்கே அவர் இன்னும் பெயின்டே அடிக்கவில்லை.

பிரஷ் காம்பால் தட்டினார். மறுபடி தட்டினார். முஷ்டியால் தட்டினார்.

உள்ளே எல்லாம் நின்றது. தலைக்குமேல் புகைபோக்கி மெல்ல மூச்சு விட்டது. வெதுவெதுப்பாக. துருத்தடுப்பு வாடையோடு.

கீழே, சக்கரத்தின் வெள்ளைக் கோடு மெதுவாக மேலேறிக்கொண்டிருந்தது.