பதினான்காவது மெஷின்

துணி மானிட்டரின் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டது. அகஸ்டினா இழுத்தாள், வரவில்லை. கண்ணாடிக்குள்ளிருந்து யாரோ மறுமுனையைப் பிடித்திருப்பதுபோல ஒரு நொடி அடம்பிடித்துவிட்டு, பொரபொரவென்று சத்தம் போட்டபடி விட்டுக்கொடுத்தது. மணிக்கட்டிலிருந்து முழங்கைவரை அவளுக்கு மயிர் எழுந்து நின்றது.

ஓடிக்கொண்டிருக்கும் பழைய டியூப் மானிட்டரைத் துடைத்தால் இப்படி ஆகும் என்று அவளுக்குத் தெரியும். இருபத்து மூன்று வருடம் இந்தச் சாமான்களுக்கு நடுவில் குடித்தனம் நடத்தியவள். ஆனால் இது ஓடவில்லை. ஜூன் மாதம் போலீஸ்காரர் பிடுங்கிப் போட்ட இடத்திலேயே, மூன்று பின்னும் மேலே பார்க்க, அதன் பிளக் தரையில் கிடந்தது. சுவரிலிருந்த துளைகளின் மேல் சிலந்தி வலை கட்டியிருந்தது. இப்போது நவம்பர்.

லாஸ்பேட்டையில் அந்த வீட்டின் பின்னறை அவள் புருஷன் தனிஸ்லாஸின் அறை. கல்லூரி ஒன்றில் ஆய்வுக்கூட உதவியாளர் வேலை அவருக்குச் சோறு போட்டது. இந்த அறைதான் அவரை உயிரோடு வைத்திருந்தது. மூன்று சுவரிலும் இரும்பு ரேக்குகள். ரேக்குகளில் மஞ்சள் பூத்த கேபினெட்டுகள், வயர்ச் சுருள்கள், பிஸ்கட் டப்பாக்களில் தரம் பிரித்த ஸ்க்ரூக்கள். மழை நாளின் ஈரத்தில் ஈயம் உருகின வாசனையும் சூடான தூசியின் வாசனையும் மூக்கில் ஏறின. அவள் துணியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். வாரக்கணக்காக எதுவும் சூடாகாத அறையில் எங்கிருந்து வருகிறது சூடான தூசி?

தனிஸ்லாஸுக்கு ஒரு வழக்கம் இருந்தது. செத்துக் கிடந்த மெஷின் ஒன்றுக்கு உயிர் வந்ததும் அதில் முதல் வேலையாக மைக்கை மாட்டித் தன் குரலைப் பதிவு செய்வார். அவருடைய அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் பென்ஷன் வாங்கிய சொல்தா, அதாவது சிப்பாய். பிள்ளைக்கு எண்ணச் சொல்லிக்கொடுத்ததே பிரெஞ்சில்தான். "ஆன். தெ." என்பார் தனிஸ்லாஸ். பிறகு கொஞ்ச நேரம் மூச்சைப் பிடித்துக்கொண்டு மெஷினின் காற்றாடிச் சத்தத்தைக் கேட்பார். எல்லாம் சரியாக இருந்தால்தான் மூன்றாவது. "த்ருவா." அதோடு பதிவு முடியும்.

அவர் போன பிறகு அகஸ்டினா பதின்மூன்று மெஷின்களையும் ஒவ்வொன்றாக ஓட்டிப் பார்த்துவிட்டாள். பதின்மூன்று குரல்கள். சிலவற்றில் இருமல், ஒன்றில் அவளே அடுப்படியிலிருந்து "சாப்பாடு ஆறுது" என்று கத்துகிறாள். பதினான்காவதில்தான் டிஸ்க் சுற்றவில்லை. அதை அவர் எழுப்பியிருந்தால், உயிரோடு கடைசியாகப் பேசியது அதற்குள் இருக்கும். அது அவளுக்கு வேண்டும். வேறெதுவும் வேண்டாம்.

பதினான்காவது மெஷினைக் கொண்டுவந்தவன் கமலக்கண்ணன். வில்லியனூர் பக்கத்துக் கிராமத்துக்காரன், விவசாயக் குடும்பம், டவுனில் அரசாங்க உத்தியோகம். ஞாயிறு தவறாமல் தனிஸ்லாஸோடு இந்த அறையில் உட்கார்ந்திருப்பான். பிரான்சுக்கே போய்விட்ட குடும்பம் ஒன்று வீட்டைக் காலி செய்தபோது அவனுக்கு அந்த மெஷின் கிடைத்தது, எழுத்துகள் இடம் மாறியிருக்கும் பிரெஞ்சுக் கீபோர்டோடும் கனமான மானிட்டரோடும். பதினோரு வருடம் அதை எழுப்பப் பார்த்தான். முடியவில்லை. ஜூனில் ஒரு ஞாயிறு, வேறு வழியில்லாமல், இங்கே தூக்கிக்கொண்டு வந்தான். அன்று காலாப்பட்டில் தங்கை பேரனுக்கு ஞானஸ்நானம். அகஸ்டினா அங்கே போயிருந்தாள். வடை வாங்கக் கடைக்குப் போய்த் திரும்பிவந்தபோது அண்ணன் மானிட்டர்மேல் சாய்ந்து கிடந்தார் என்று கமலக்கண்ணன்தான் அழுதுகொண்டே போன் செய்தான்.

ஆஸ்பத்திரியில் அவள் அவர் கைகளைப் பார்த்தாள். இரண்டு உள்ளங்கைகளும் கருகியிருந்தன.

அதைத்தான் அவளால் முழுங்க முடியவில்லை. டியூப் மானிட்டரின் முதுகைக் கழற்றும்போது தனிஸ்லாஸ் கைலி கட்டமாட்டார். கைலிக்குப் பாக்கெட் கிடையாது. பழைய பேன்ட்டை மாட்டிக்கொண்டு, இடது கையைப் பாக்கெட்டுக்குள் விட்டுக்கொண்டு, வலது கையால் மட்டும்தான் வேலை செய்வார். "ஒரு கைன்னா ஒதறிட்டு வந்துடலாம் அகஸ்டி. ரெண்டு கையும் உள்ள இருந்திச்சுன்னா கரண்ட் நெஞ்சு வழியாத்தான் போவும்." கமலக்கண்ணனுக்கும் அவர்தான் அந்தப் பழக்கத்தைப் பழக்கினார். இருவரும் ஆளுக்கொரு கையைப் பாக்கெட்டில் விட்டபடி குனிந்து நிற்பதைப் பார்த்து, "ரெண்டு பேருக்கும் சேத்து ரெண்டு கைதான் இருக்குது" என்று அவள் கேலி செய்வாள்.

மறந்திருப்பார் என்றார் டாக்டர். மறந்திருப்பார் என்றது போலீஸ். "மறந்துட்டாரு அண்ணி" என்றான் கமலக்கண்ணன்.

நேற்று ராத்திரி அந்த டிஸ்க்கைப் பாலித்தீன் கவரில் சுற்றி ஃப்ரீசரில் வைத்தாள். அவர் அப்படிச் செய்வதைப் பார்த்திருக்கிறாள்: உள்ளே சிக்கிக்கொண்ட டிஸ்க் சில சமயம் குளிரில் விட்டுக்கொடுக்கும், மறுபடி சூடேறும்வரை ஒரு கால் மணி நேரம் சுற்றும். அதற்குள் எடுக்க வேண்டியதை எடுத்துவிட வேண்டும். காலையில் பூசைக்குப் போகும் முன் கமலக்கண்ணனுக்குப் போனில் சொன்னாள். "தொடாதீங்க அண்ணி, நான் வந்துடறேன்" என்றான்.

மத்தியானம் மழையோடு வந்தான்.

"இன்னா அண்ணி, நெசமாவே ஃப்ரீசர்லயா வெச்சீங்க?"

"ஆமா தம்பி. வஞ்சரத்துக்கும் எறாவுக்கும் நடுவுல."

"எறா நாத்தம் அடிக்கப்போவுது." சிரித்துக்கொண்டே உள்ளே வந்தான், செருப்போடு. இத்தனை வருடத்தில் அவன் ஒரு நாளும் இந்த வீட்டுக்குள் செருப்போடு வந்ததில்லை. "எங்க அது? குடுங்க. வில்லியனூர்ல டிஸ்க் தொறந்து பாக்கறவன் ஒருத்தன் இருக்கான். எடுத்துனு போய்க் காட்டறேன்."

"மாட்டிட்டேன் தம்பி. காப்பி ஆவுது."

அவன் நின்றுவிட்டான்.

மேசைமேல் புதுக் கம்ப்யூட்டர் ஓடிக்கொண்டிருந்தது. பழைய டிஸ்க்கைப் புதியதோடு சேர்க்கும் சின்ன டப்பாவின் வயர் குட்டை. அதனால் டிஸ்க்கை அவள் பழைய மானிட்டரின் பின்னால், அதன் திறந்த முதுகுக்குக் கீழே வைத்திருந்தாள். பனி பூத்த அந்த இரும்புத் துண்டு குழந்தை இருமுவதுபோலக் கிறுக்குக் கிறுக்கென்றது. திரையில் பச்சைக் கோடு முக்கால்வாசி தாண்டியிருந்தது.

"அதுல ஒண்ணும் இருக்காது அண்ணி. அண்ணன் சேவ் பண்றதுக்குள்ளதான..."

நிறுத்திக்கொண்டான். கூரைத் தகட்டில் மழை இறங்கியது. அன்று மெஷின் ஓடவேயில்லை என்றல்லவா இவன் போலீசிடம் சொன்னான்?

விளக்கு அணைந்தது. மின்விசிறி மெதுவாகச் சுற்றி நின்றது. தெரு முழுக்கக் கரண்ட் போய்விட்டது. மேசைக்கடியில் யுபிஎஸ் கூவத் தொடங்கியது. பீப். பத்து நிமிடம் தாங்கும். பீப். கோடு முடிந்தது. மெஷின் தானே எழுதிவைத்திருந்த சேமிக்காத பதிவு ஒன்று, பெயரில்லாமல், கடைசியாக வந்து உட்கார்ந்திருந்தது.

"ஆஃப் பண்ணுங்க அண்ணி."

அவள் அழுத்தினாள்.

காற்றாடிச் சத்தம். பிறகு அவர். அறைக்குள்ளேயே நிற்பதுபோல அவர்.

"ஆன். தெ..."

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். மூன்றாவது வரவில்லை. சிரிப்புதான் வந்தது, வயிறு குலுங்கச் சிரிக்கும் அவருடைய சிரிப்பு. "ஒரே ஒரு கெப்பாசிட்டர்டா கண்ணா! பதினோரு வருஷம் இத வெச்சிக்கினு இன்னாடா பண்ண, பூச போட்டியா? இரு, மானிட்டருக்கும் முதுகத் தொறந்து பாத்துடறேன். பிளக்கு புடுங்கியாச்சா?"

"ஆச்சுண்ணே." கமலக்கண்ணனின் குரல். ரொம்ப மெல்லிய குரல்.

ஸ்க்ரூக்கள் தட்டில் விழும் சத்தம். அவர் இன்னும் சிரித்துக்கொண்டே இருந்தார். "பதினோரு வருஷம்..."

"அண்ணே, அந்த ஃப்ரேமு ஆடுது. இடது கையால கொஞ்சம் புடிச்சிக்கங்க."

"நீ புடிடா."

"எங்கையில டார்ச்சு இருக்குதே அண்ணே. ஒரு நிமிஷம்."

ஒரு சின்னச் சத்தம். பாக்கெட்டிலிருந்து கை வெளியே வரும் துணிச் சத்தம்.

டக்.

சுவிட்ச்.

அதன் பிறகு வந்தது மனிதக் குரல் இல்லை. பல்லும் பல்லும் அடித்துக்கொண்டன. ஸ்டூலின் ஒரு கால் தரையில் தடதடதடவென்று, ரொம்ப நேரம். டக். நின்றது. ஈரமான ஒரு மூச்சு. இருந்தார். இன்னும் உயிரோடு இருந்தார்.

"அண்ணே?" என்று அன்பாகக் கேட்டான் கமலக்கண்ணன்.

டக்.

அகஸ்டினா திரும்பினாள். பிரெஞ்சுக் கீபோர்டு அவள் முகத்தில் இறங்கியது.

எழுத்துக் கட்டைகள் தரையெங்கும் தெறித்து ஓடின. அவற்றில் ஒன்று தன் பல் என்று அவளுக்கு உடனே தெரியவில்லை. இரண்டாவது அடி காதில். விழுந்தாள். அவன் முழங்கால் அவள் முதுகில் ஏறியது. கழுத்தில் ஏதோ சுற்றியது. மவுஸ் வயர். இறுகியது.

"பதினோரு வருஷம் அண்ணி." அவன் அழுதுகொண்டிருந்தான். மூக்கு ஒழுகி அவள் கன்னத்தில் விழுந்தது. "சிரிச்சாரே அண்ணி. ஏன் சிரிச்சாரு?"

அவள் கண்ணுக்குள் சிவப்பு. பிறகு கறுப்பு. கால் உதறியது. பிறகு அதுவும் இல்லை.

செத்துவிட்டாள் என்று நினைத்தான். வயர் தளர்ந்தது.

அசையாமல் கிடந்தாள். காற்று ஊசி மாதிரி தொண்டைக்குள் இறங்கியது. பீப். பீப். ஸ்பீக்கரில் யாரோ வடைப் பொட்டலத்தைப் பிரிக்கும் சத்தம். பிறகு யுபிஎஸ் நீளமாக அலறிவிட்டு ஓய்ந்தது. திரை அணைந்தது. ஸ்பீக்கரின் பச்சை விளக்கு அணைந்தது. மழை மட்டும்.

கமலக்கண்ணன் எழுந்தான். செருப்பின் அடியில் எழுத்துகள் நொறுங்கின. மானிட்டரின் பின்னால் போய்க் குனிந்தான். டிஸ்க்கை எடுக்க வலது கையை உள்ளே நீட்டினான். நீட்டும் முன், பழக்கம், இடது கையைப் பேன்ட் பாக்கெட்டுக்குள் விட்டுக்கொண்டான்.

தரையில் கிடந்தபடி அவள் பார்த்தாள்.

அந்த இடது கை வெளியே வந்தது.

அவன் அதை வெளியே எடுக்கவில்லை. அவன் குனிந்து அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். மணிக்கட்டில் விரல் பதியுமளவுக்குத் தோல் குழிந்திருந்தது. நான்கு குழி. கட்டைவிரலுக்கு ஒன்று. கை மெதுவாக, பொறுமையாக, வேலை சொல்லிக்கொடுக்கும் பொறுமையோடு, ஃப்ரேமை நோக்கிப் போனது.

"அண்ணி." அவன் குரல் கீச்சிட்டது. "அண்ணி, கையப் புடிங்க. கையப் புடிங்க அண்ணி!"

விரல்கள் ஒவ்வொன்றாக ஃப்ரேமைச் சுற்றி மடிந்தன.

அகஸ்டினாவின் கன்னத்துக்குப் பக்கத்தில் மானிட்டரின் பிளக் கிடந்தது. அதை எடுத்தாள். இரண்டு கையாலும் மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். தெருவில் கரண்ட் இல்லை. சுவரில் சிலந்தி வலை. பிளக் அவள் கையில்.

டக்.

டியூப் வெள்ளையாக எரிந்தது. அறை வெள்ளையாக எரிந்தது. ஸ்டூல் தடதடத்தது. நாக்கு கடிபட்டு அறுந்து மேசையில் விழுந்தது. கண்கள் திறந்தே இருந்தன. அவளைப் பார்த்தபடியே வெந்தன. முடி கருகும் வாசனை. சூடான தூசியின் வாசனை.

டக்.

இருட்டு. ஈரமான ஒரு மூச்சு. இருந்தான். இன்னும் உயிரோடு இருந்தான்.

செத்துப்போன ஸ்பீக்கரிலிருந்து, அன்பாக:

"கண்ணா?"

அவன் ஏதோ சொல்லப் பார்த்தான். நாக்கு இல்லை.

யாரோ மூச்சைப் பிடித்துக்கொண்டு, எல்லாம் சரியாக இருக்கிறதா என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

"த்ருவா."

அவள் கைக்குள், மூன்று பின்களும் சூடேறி, நாடி மாதிரி துடிக்கத் தொடங்கின.