வாசலை ஆற்றிக்கொண்ட சுவர்

சபூரா அக்காவின் பேக்கரி வாசல் அந்த வாரம் இன்னும் கொஞ்சம் ஒடுங்கிவிட்டிருந்தது. போன வாரம் வரை வர்க்கித் தட்டைப் பக்கவாட்டில் சாய்த்தாவது வெளியே கொண்டுவர முடிந்தது. இன்று அதுவும் நடக்கவில்லை. தட்டு சுவரில் இடித்து, அப்போதுதான் விறகடுப்பிலிருந்து இறங்கிய மொறுமொறு வர்க்கி ரொட்டிகளில் பாதி தரையில் சிதறின.

"வா கண்ணு, வா. உன் சுவரு பண்ற வேலையப் பாரு," என்றார் சபூரா.

தாரா ஜோகி குனிந்து வர்க்கிகளைப் பொறுக்கினாள். நிமிர்ந்து அக்காவின் முகத்தைப் பார்க்கவே கூச்சமாக இருந்தது. அந்தச் சுவர் வளர்வதற்குக் காரணமே அவள்தான்.

நெடுமந்து மலை நகரத்தின் பழைய கட்டடங்களைக் காப்பாற்ற அவள் உருவாக்கியதுதான் உயிர்ச்சாந்து. சுண்ணாம்பும் பாறைப்பாசியின் நுண்ணுயிரும் கலந்த கலவை அது. மூடுபனியைக் குடித்து வளரும். ஒரு கட்டடத்தின் முதல் வரைபடத்தை மின்துடிப்பாக அதற்குள் பதித்துவிட்டால் போதும், நகம் வளர்கிற நிதானத்தில் விரிசலை மூடும், உடைந்த வளைவைக் கட்டும், உதிர்ந்த பூவேலையைக்கூடத் திரும்ப மலர்த்தும். கொத்தனாரும் வேண்டாம், சாரமும் வேண்டாம். மழைக்கு மழை சரிந்துகொண்டிருந்த தடுப்புச் சுவர்கள் இப்போது மலையை இறுகப் பிடித்துக்கொண்டு நின்றன. சர்ச், ரயில் நிலையம், கல் பாலம் என்று எல்லாம் நேற்றுக் கட்டியவை போல் ஆகிவிட்டன. ஊரே தாராவைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடியது.

ஒன்றை மட்டும் யாரும் யோசிக்கவில்லை. பேக்கரி இருக்கும் மணிக்கூண்டு மண்டபம் வெள்ளைக்காரர்கள் நடனமாடக் கட்டியது. அவர்கள் போனபின் அது தானியக் கிடங்காகி, பிறகு கடைவீதியாகிவிட்டது. மேற்குச் சுவரை இடித்து வாசல் வைத்து அடுப்பு போட்டவர் சபூராவின் பாட்டனார். முதல் வரைபடத்தில் அங்கே வாசல் கிடையாது. ஆகவே உயிர்ச்சாந்தைப் பொறுத்தவரை அது வாசலே அல்ல, காயம். அது பாட்டுக்குக் காயத்தை ஆற்றிக்கொண்டிருந்தது.

"வாசலுக்கு விலக்கு கேட்டுப் போட்ட மனு என்னாச்சுக்கா?"

"தள்ளுபடி பண்ணிட்டாரு. மனு போட்ட கையோட குடுத்தனுப்புன வர்க்கிய மட்டும் தள்ளுபடி பண்ணல."

மரபுக் காப்பக ஆணையர் புருஷோத்தமன் அப்படிப்பட்டவர்தான். மூல வடிவச் சட்டத்தை எழுதியவரும் அவரே. புதுப்பித்த சுவரை உடைப்பது குற்றம், செதுக்குவது குற்றம், தொடுவதும் குற்றம். ஊரெங்கும் கயிறு கட்டி, 'தொடாதீர்கள்' என்று பலகை மாட்டி வைத்திருந்தார். கெட்ட மனிதர் என்று சொல்ல முடியாது. கட்டடங்களின்மேல் அவருக்கு உயிர்; தானும் கையுறை இல்லாமல் நடமாடியதில்லை. மனிதர்கள்தான் குறுக்கே வந்துகொண்டிருந்தார்கள்.

சாந்தைச் சாகடிக்கத் தாராவிடம் ஒரு மருந்து இருந்தது. அதைப் பேக்கரி வாசலோடு நிறுத்த முடியாது என்பதுதான் சிக்கல். சாந்து முழுவதும் ஒரே உடல். ஓரிடத்தில் செத்தால் மண்டபம் முழுக்கச் சாகும், மண்டபத்தைத் தாங்கும் தடுப்புச் சுவரும் சாகும். அதன் கீழே சரிவில் வீடுகள். பருவமழை வேறு தொடங்கிவிட்டது. ஒரு வாசலுக்காக அத்தனை குடும்பங்களைப் பணயம் வைக்க அவளால் முடியாது. அக்காவின் பிழைப்பு கண்முன்னே மூடிக்கொண்டு போவதைப் பார்த்துக்கொண்டிருக்கவும் முடியவில்லை.

படியில் உட்கார்ந்து உடைந்த வர்க்கியை மென்றபடி வாசலையே வெறித்துக்கொண்டிருந்தாள். அப்போதுதான் அது கண்ணில் பட்டது. இடப்பக்கம் சுவர் உப்பிக்கொண்டு வந்திருந்தது. வலப்பக்கமோ தோள் உயரத்தில் குழிந்து வழுவழுப்பாக இருந்தது. அங்கே சாந்து ஒட்டவே இல்லை.

"அக்கா, இந்தப் பக்கம் என்ன பண்றீங்க?"

"நான் என்ன பண்ணப்போறேன்? வரிசை அந்தப் பக்கம்தான நிக்கும். குளுருல சாஞ்சுக்குவாங்க, படியேற கைய ஊணுவாங்க. எத்தன பலகை வெச்சாலும் யாரு கேக்குறா?"

தாராவுக்குச் சுரீரென்றது. ஆய்வகத்தில் இத்தனை வருஷம் உயிர்ச்சாந்தை எல்லாரும் கையுறை போட்டுக்கொண்டுதான் கையாண்டார்கள். வெறும் கையால் ஒருவர்கூடத் தொட்டதில்லை. பிறகு ஊருக்குள் கொண்டுவந்தார்கள், தொடக்கூடாதென்று சட்டம் வந்துவிட்டது. மனிதக் கை பட்டால் என்ன ஆகும் என்ற கேள்வியே எழாமல் போய்விட்டது.

எழுந்து, வெறும் உள்ளங்கையை இடப்பக்கச் சுவரில் அழுத்தினாள். வெதுவெதுப்பும் வியர்வை உப்பும் பட்ட இடத்தில் புதுச்சாந்து மெல்ல இளகி, மாவு போல உதிர்ந்தது. அடியில் இருந்த பழைய கல்லுக்கு ஒன்றும் ஆகவில்லை; கை படாத இடத்துச் சாந்தும் உயிரோடேயே இருந்தது. அவளுக்குச் சத்தம் போட்டுச் சிரிக்க வேண்டும் போலிருந்தது.

"அப்ப வரிசைய இந்தப் பக்கம் மாத்திர வேண்டியதுதான?" என்றார் சபூரா.

மாற்றினார்கள். வர்க்கி வாங்க வந்தவர்கள் காத்திருக்கும் நேரத்தில் சுவரைத் தடவினார்கள். டாக்ஸிக்காரர்கள் தடவினார்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகள் கேட்கவே வேண்டாம், அதட்டி அனுப்ப வேண்டியிருந்தது. மெதுவாக வாசல் விரிந்தது. தட்டு நேராக வெளியே வந்த அன்று சபூரா எல்லாருக்கும் ஓசியில் டீ கொடுத்தார்.

டீ ஆறுவதற்குள் காப்பகத்து ஆட்கள் வந்துவிட்டார்கள். மரபுச் சுவரைத் திட்டமிட்டுத் தொட்ட குற்றம். சான்றாக ஒரு பெட்டி வர்க்கியை எடுத்துக்கொண்டு, நேரில் விசாரணைக்கு வரச்சொல்லிவிட்டுப் போனார்கள். குற்றம் உறுதியானால் கடைக்குச் சீல்.

காப்பகம் இருந்தது ஒரு பழைய பங்களாவில். உயிர்ச்சாந்தை முதன்முதலில் பூசிய கட்டடம் அதுதான். ஆணையரைப் பார்க்க வெளியாட்கள் யாரும் அங்கே போவதில்லை. எல்லா மனுவும் கணினித் திரை வழியாகத்தான். அவர் அறைக்குத் தானியங்கிக் கதவு, யாரும் கை வைக்க வேண்டிய அவசியமே இல்லை. விசாரணை நாளன்று அந்த அறைக்கு நடந்துபோன தாரா சட்டென்று நின்றாள். கதவு ஒரு பக்கமாக ஒதுங்கிக் கிடந்தது. வாசல் இருக்க வேண்டிய இடத்தில், உள்ளே இருப்பவரின் மூக்கும் கண்ணாடியும் தெரிகிற அளவுக்குத்தான் இடைவெளி இருந்தது.

அவளுக்கு விளங்கிவிட்டது. பங்களாவின் பின்சுவருக்கும் மலைக்கும் நடுவே, ஈரம் ஏறாமலிருக்க முதலில் விட்ட குருட்டுச் சந்துதான் அந்த அறை. பிற்காலத்தில்தான் யாரோ பின்சுவரை இடித்து வாசல் வைத்து அறையாக்கினார்கள். சாந்துக்கு இதுவும் ஒரு காயம்தான்.

"சார், நீங்க இதைக் கவனிக்கலையா?"

"கவனிக்காம இல்ல." குரல் உள்ளேயிருந்து விறைப்பாக வந்தது. "ஒரு மாசமா ஒருக்களிச்சுத்தான் வர்றேன். அந்தம்மா வாசலுக்கு விலக்கு கிடையாதுன்னு எழுதிட்டு, என் வாசலுக்கு மட்டும் விலக்கு கேட்க முடியுமா? விசாரணையை ஆரம்பிக்கலாம்."

தாராவுக்கு அவர்மேல் முதல் தடவையாக மரியாதை வந்தது. விசாரணை அந்த இடுக்கு வழியாகவே நடந்தது. சபூரா, வரிசையில் நின்றவர்கள், டாக்ஸிக்காரர்கள் என்று அரைக் கடைவீதி நடைகூடத்தில் நின்றது. ஆணையர் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். கடைசியில் தொண்டையைச் செருமிக்கொண்டு, கடைக்குச் சீல் வைக்கும்படி உத்தரவிட்டார். பிறகு எழுந்து, ஒருக்களித்து, மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு வெளியே வரப் பார்த்தார்.

வர முடியவில்லை.

நாலு நாளாக விடாத மூடுபனி, சாந்துக்கு விருந்து. சான்றுப் பொருளான வர்க்கிப் பெட்டியும் மேசையில் காலியாகக் கிடந்தது.

"டாக்டர் தாரா," குரலில் இப்போது விறைப்பு இல்லை. "உளி ஏதாவது..."

"சுவரைச் செதுக்குறது குற்றம், சார். உங்க சட்டம்."

"தொடுறதும் குற்றம்தான்," என்றார் அவர், மிகவும் மெதுவாக.

கடைக்குச் சீல் வைக்க இப்போதுதான் உத்தரவு போட்டவர் அவர். சபூரா கொஞ்ச நேரம் அந்த மூக்கையும் கண்ணாடியையும் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு முன்னால் போய் இரண்டு கையையும் சுவரில் வைத்தார்.

"வாங்கப்பா எல்லாரும். மனுசன் மூச்சு முட்டிக் கெடக்குறாரு. கேஸ அப்புறம் பாத்துக்கலாம்."

எல்லாரும் வந்தார்கள். நெருக்கியடித்துக்கொண்டு, ஒருவர் கைக்கு மேல் ஒருவர் கை வைத்து. இந்தக் கட்டடத்துக்குள் இதுவரை வரவிடாத கைகள் எல்லாம் அந்தச் சுவரில் இருந்தன. காலையில் படிந்த சாந்து இன்னும் முழுதாக இறுகவில்லை, பொலபொலவென்று கொட்டியது. சிறிது நேரத்தில் உள்ளேயிருந்தும் மாவு உதிரத் தொடங்கியது. ஆணையர் தன் கையுறைகளைக் கழற்றி மேசையில் வைத்திருந்தார். தாராவின் கண்கள் கலங்கிவிட்டன, சுண்ணாம்புத் தூசி என்று சொல்லிச் சமாளித்தாள்.

வெளியே வந்ததும் அவர் தன் உள்ளங்கைகளையே பார்த்துக்கொண்டு நின்றார். "கல்லு இவ்வளவு குளிரா இருக்கும்னு எனக்குத் தெரியாது," என்றார். அன்று மாலையே சீல் உத்தரவு கிழிந்தது. அடுத்த மழைக்குள் 'தொடாதே' என்ற சட்டப்பிரிவும் போய்விட்டது.

இப்போது நெடுமந்தில் எந்த வாசல் நிலைக்கும், எது மூடும் என்பதைச் சட்டம் தீர்மானிப்பதில்லை. புழங்குகிற கைகள் தீர்மானிக்கின்றன. விரிசல்களைச் சாந்து பார்த்துக்கொள்கிறது, வாசல்களை ஊர் பார்த்துக்கொள்கிறது. ஆணையர் மேசையை முன் வராந்தாவுக்கு மாற்றிக்கொண்டார். அதன்பின் பழைய அறைக்கு யாரும் போகவில்லை. ஆகவே அது முழுவதுமாக மூடிக்கொண்டது.

ஒரு கீறலோ கறையோ இல்லாமல், வரைபடத்தில் உள்ளபடியே நிற்கிறது அந்தச் சுவர். நகரத்திலேயே மூல வடிவத்தை அட்சரம் பிசகாமல் காப்பாற்றி வைத்திருக்கும் இடம் அது ஒன்றுதான். சுற்றுலா வருகிறவர்கள் வியந்து படம் எடுத்துக்கொண்டு, உள்ளே எப்படிப் போவது என்று கேட்கிறார்கள்.

"போக முடியாதுங்க," என்கிறார் புருஷோத்தமன். "அதனாலதான் அது அவ்வளவு அசலா இருக்கு. நீங்க மணிக்கூண்டுப் பக்கம் போங்க, வர்க்கி சூடா இருக்கும். வரிசையில நிக்கும்போது மறக்காம சுவத்துல கைய வைங்க."