பெயர் சொல்லாத பெரியம்மா

கம்ப்யூட்டருக்குப் பிடிவாதம் வந்தால் எட்டு மாதக் குழந்தையைவிட மோசம். அந்த வெள்ளிக்கிழமை சாயங்காலம் அதற்குப் பிடிவாதம் வந்துவிட்டது.

ஆரிபா ஆறாம் வகுப்பு. அவள் அம்மா கமர்ஜஹான், திண்டுக்கல் பேகம்பூரில் வீட்டின் முன்னறையிலேயே கம்ப்யூட்டரில் டைப் அடித்துக் கொடுப்பவர். அந்த வாரம் இலவசக் கண் சிகிச்சை முகாமுக்குப் பெயர் பதிகிற வேலை அவருக்கு வந்திருந்தது. கண்ணில் புரை விழுந்தவர்கள் வந்து உட்கார்ந்து சொல்லச் சொல்ல, பெயர், வயது, ஊர், கணவர் அல்லது தந்தை பெயர் என்று தாளில் எழுதாமல் ஓர் அட்டவணையில் நேராக ஏற்றிவிட்டார். மறுநாள் காலை மதுரைக்குப் பேருந்து. அட்டவணையில் இருப்பவர்களுக்குத்தான் பேருந்தில் இடம், ஆஸ்பத்திரியில் கட்டில், கண்ணுக்கு ஆபரேஷன்.

இடையில் சில வயதுகளைத் திருத்திக்கொண்டிருந்தபோது கரண்ட் போனது. வந்த பிறகு அட்டவணையைத் திறந்தால், பாதி வரை ஓடி அப்படியே நின்றது. மவுஸ்கூட அசையவில்லை. அணைத்துப் போட்டார், அதே கதை. பழுதுபார்க்கும் கட்டளை கொடுத்தார், அதுவும் கையை விரித்தது. ப்ளாப்பியில் ஒரு பிரதி எடுத்து வைக்க நினைத்திருந்தார். நினைத்ததோடு சரி.

"இம்புட்டுப் பேரையும் இனி எங்க போயித் தேடுவேன்?" என்றார் அம்மா. அவர் கண் கலங்கிவிட்டது.

ஆரிபா திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா, பாதி வரைக்கும் நல்லாத்தான ஓடுது? அப்ப எல்லாம் கெடல. எங்கேயோ ஒரு இடத்துலதான் கெட்டிருக்கு."

இந்த எண்ணிலிருந்து அந்த எண் வரை மட்டும் காட்டு என்று கம்ப்யூட்டரிடம் கேட்க முடியுமா என்று கேட்டாள். முடியும் என்றார் அம்மா. ஆரிபாவுக்கு வகுப்பில் விளையாடும் விளையாட்டு ஞாபகம் வந்தது. ஒருத்தி மனசுக்குள் ஓர் எண்ணை நினைத்துக்கொள்வாள். மேலேயா, கீழேயா என்று கேட்டுக் கேட்டுக் கண்டுபிடிக்க வேண்டும். ஒன்றிலிருந்து வரிசையாகக் கேட்பவள் தோற்பாள். நடுவில் வெட்டி வெட்டிக் கேட்பவள்தான் ஜெயிப்பாள்.

மேல் பாதியைக் கேட்டார்கள், வந்தது. கீழ்ப் பாதியைக் கேட்டார்கள், நின்றது. அந்தக் கீழ்ப் பாதியைப் பாதியாக்கினார்கள். பிறகு அதையும் பாதியாக்கினார்கள். ஒவ்வொரு முறை நிற்கும்போதும் கம்ப்யூட்டரை அணைத்துப் போட வேண்டியிருந்தது. அம்மாவின் டீ ஆடை படிந்து ஆறிப்போனது. கடைசியில் ஒரே ஒரு வரி மிஞ்சியது.

அம்மா புதிதாக ஒரு காலி அட்டவணை செய்தார். கெட்ட வரிக்கு மேலே இருந்தவர்களையும் கீழே இருந்தவர்களையும் அதில் குடியேற்றினார். புது அட்டவணை சமர்த்தாக ஓடியது. அம்மாவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

உடனே முகாம் நடத்துகிற ஆனந்த்ராஜ் அண்ணனுக்குப் போன் செய்தார். அவருக்குத் தலைக்கு மேல் வேலை. ஒரு ஆள்தானே விட்டுப்போகிறது, அடுத்த வருஷ முகாமில் பார்த்துக்கொள்ளலாம், அச்சடித்து வையுங்கள் என்று சொல்லிவிட்டார்.

ஆரிபாவுக்கு மனசு கேட்கவில்லை. ஒரு வருஷம் கண் தெரியாமல் இருப்பது என்ன சின்ன விஷயமா?

"அந்த ஒரு ஆளு யாரும்மா?"

"அந்த வரியைத் தொட்டாலே நிக்குதே, எப்படிப் பாக்க?"

"மொத்தமாக் கேக்காத. கட்டம் கட்டமாக் கேளு."

பெயரைக் கேட்டார்கள், கம்ப்யூட்டர் நின்றே போனது. வயதைக் கேட்டார்கள், கேள்விக்குறிகளாக வந்தன. ஊர் இருந்த இடத்தில் ஏதோ கோழிக் கிறுக்கல். கடைசியாகக் கணவர் பெயரைக் கேட்டார்கள். திரையில் சுத்தமாக வந்து நின்றது: ஆண்டிச்சாமி.

"அந்தப் பெரியம்மா!" என்று குதித்தாள் ஆரிபா.

செவ்வாய்க்கிழமை வந்த பெரியம்மா அவர். வீட்டுக்காரர் பெயரைக் கேட்டதும், "அத என் வாயால சொல்லக் கூடாது தாயி" என்று தலையைக் குனிந்துகொண்டார். பழனி மலையில் நிற்கிறவர் பெயர் என்று மட்டும் ஜாடை காட்டினார். ஆரிபாதான் பக்கத்தில் உட்கார்ந்து, முருகேசனா, பழனிச்சாமியா, தண்டபாணியா என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். ஆண்டிச்சாமி என்றதும் பெரியம்மா முகத்தில் அப்படி ஒரு சிரிப்பு. கண்டுபிடித்த குஷியில் பெரியம்மாவின் சொந்தப் பெயரை ஆரிபா காதில் வாங்கவே இல்லை. இப்போது அதை நினைக்க அவளுக்கு வெட்கமாக இருந்தது. அத்தனை பேருக்கு நடுவில் அம்மாவுக்கும் அந்தப் பெயர் ஞாபகம் இல்லை.

அம்மா புது அட்டவணையில் ஒரு வரி சேர்த்தார். பெயர் கட்டம் காலி. கணவர் பெயர் ஆண்டிச்சாமி.

மறுநாள் காலை பள்ளிக்கூட வாசலில் பேருந்து நின்றது. அச்சடித்த தாளைக் கொடுக்க ஆரிபா போயிருந்தாள். ஆனந்த்ராஜ் பெயர்களை வாசிக்க வாசிக்க ஒவ்வொருவராக ஏறினார்கள். எல்லோரும் ஏறிய பிறகும் மஞ்சப் பையோடு ஒருவர் தனியாக நின்றார். தன் பெயர் வரவில்லை என்று அவர் மெல்லத் திரும்பி நடக்கத் தொடங்கினார். ஆரிபா ஓடிப்போய்க் கையைப் பிடித்து அழைத்து வந்தாள்.

பெயர் இல்லாத வரியை அவள் காட்ட, ஆனந்த்ராஜ் தாளைப் பார்த்தார். ஆள் மாறிவிடக் கூடாதே என்று அவருக்குக் கவலை. "உங்க வீட்டுக்காரர் பேரு என்னம்மா?"

பெரியம்மா தலையைக் குனிந்துகொண்டார். டிரைவர் ஹாரன் அடித்தார்.

"அண்ணே, நீங்க அப்படிக் கேட்டா சொல்ல மாட்டாங்க" என்றாள் ஆரிபா. "பெரியம்மா, பெரியப்பா பேருக்காரர் எங்க நிக்கிறாரு?"

பெரியம்மா மேற்கே பழனி இருக்கும் திசைக்குத் திரும்பிக் கும்பிட்டார். "கோவணத்தோட நிக்கிறாரே தாயி, அவருதான். நீதான அன்னைக்குச் சொன்ன."

தாளில் இருந்த பெயரை மறுபடி பார்த்த ஆனந்த்ராஜுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "ஏறுங்கம்மா, உங்களுக்கு இடம் இருக்கு. உங்க பேரையாவது சொல்லுவீங்களா?"

"சிவனம்மாள்" என்றார் பெரியம்மா. கடைசி சீட்டில் இருந்தவர்கள்கூடத் திரும்பிப் பார்க்கும் அளவுக்குச் சத்தமாகச் சொன்னார்.

ஆரிபா பேனாவை வாங்கி, காலிக் கட்டத்தில் அந்தப் பெயரை எழுதினாள். பேருந்து கிளம்பியதும், இந்த முறை மறக்கக் கூடாது என்று தன் உள்ளங்கையிலும் ஒரு தடவை எழுதிக்கொண்டாள்.