பதினொரு மணிப் பரீட்சை

"நீ போகாத ஊருக்கு என் மக மட்டும் போயிரக் கூடாதுன்னு ஒளிச்சு வச்சிட்டியாட்டி?"

மாமியார் இன்பம் கேட்ட கேள்வியில் ஜெனிலாவின் கையிலிருந்த தோசைக்கரண்டி அப்படியே நின்றது. சனிக்கிழமை காலை ஒன்பது மணி. பதினொரு மணிக்கு நாத்தனார் எப்சிக்கு ஜிஆர்இ பரீட்சை. ராஜபாளையத்து வீட்டு மாடியறையிலேயே கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து எழுத வேண்டும். பாஸ்போர்ட்டைக் கேமராவில் காட்டினால்தான் கேள்வியே வரும். பீரோவில் வைத்திருந்த அந்தப் பாஸ்போர்ட்டைக் காணோம்! இந்தத் தேதியை விட்டால் அமெரிக்கப் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பிக்கிற கெடுவும் முடிந்துவிடும்.

"அத்தை... நானா ஒளிச்சு வப்பேன்? ஆறு மாசமா விடியக்காலம் எந்திச்சு அவளுக்குக் கணக்குச் சொல்லிக் குடுக்கது யாரு?"

"பீரோ சாவி உங்கிட்டதான இருக்கு?"

ஒன்பது வருஷத்துக்கு முன்னால் ஜெனிலாவும் இதே பரீட்சையில் நல்ல மார்க் வாங்கி, இடமும் கிடைத்தவள்தான். புறப்பட வேண்டிய மாதத்தில் இன்பம் படியில் வழுக்கி இடுப்பெலும்பை முறித்துக்கொண்டாள். ஜெனிலாவின் கணவன் அலெக்ஸோ எல்லையில், ராணுவத்தில். "நீயும் போயிட்டா என்னை யாருட்டி தூக்குவா?" என்று அன்றைக்கு அழுத வாய்தான் இன்றைக்கு இப்படிப் பேசுகிறது. நல்லா இருக்கிறது நியாயம்! வாங்கிய மார்க்கும் அஞ்சு வருஷத்தில் செல்லாமல் போயிற்று.

"மைனியை ஒண்ணும் சொல்லாதீங்கம்மா!" எப்சி விம்மினாள்.

அந்நேரம் சந்தைக்குப் போயிருந்த மாமனார் எலியேசர், ரிட்டையர் ஆன சுபேதார், உள்ளே வந்தார். விஷயத்தைக் கேட்டதும் காய்கறிப் பையை அங்கேயே போட்டுவிட்டார்.

"அது... நாந்தான் நேத்து பீரோ தொறந்து கெடந்தப்ப எடுத்து, ஸ்ரீவில்லிபுத்தூர் வேதக்கோயில் ஜெபப்பெட்டியில போட்டேன்."

பிள்ளைகள் பரீட்சை எழுதினால் ஹால் டிக்கெட் நகலைப் பெட்டியில் போடுவது அவர்கள் கிறிஸ்தவ சபையின் வழக்கம். ஞாயிற்றுக்கிழமை திறந்து ஜெபிப்பார்கள்.

"எல்லாரும் ஜெராக்ஸ்ல்லா போடுவாவ!" இன்பம் தலையில் அடித்துக்கொண்டாள்.

"இந்தப் பரீட்சைக்கு ஹால் டிக்கெட்டே கெடையாதே. ஆண்டவர்ட்டப் போயி நகலைக் குடுக்கவா?" என்றார் எலியேசர்.

ஜெனிலா அடுப்பை அணைத்தாள், ஸ்கூட்டர் சாவியை எடுத்தாள். பஞ்சு லாரிகளை ஒவ்வொன்றாக முந்தி மடவார்வளாகம் தாண்டிக் கோயிலுக்குப் போய்ச் சேர்ந்தபோது கோயிலைப் பார்த்துக்கொள்ளும் உபதேசியார் கையை விரித்தார்.

"பெட்டிச் சாவி போதகர் ஐயாகிட்டல்லாம்மா இருக்கு. அவிய தேவதானத்துக்கு ஒரு அடக்கத்துக்குப் போயிருக்காவ. நாளைக்கு வாயேன்."

"நாளைக்கு வந்து என்ன செய்ய? ஆண்டவர் கோவிச்சா என்னைக் கோவிக்கட்டும். புதுப் பூட்டு நானே கொண்டாரேன்!"

வாசலில் கிடந்த செங்கல்லை எடுத்து மூன்றே அடி. பூட்டுத் தெறித்தது.

பத்து ஐம்பதுக்கு எப்சியின் கையில் பாஸ்போர்ட்டைத் திணித்தாள். மாடியறைக் கதவு சாத்திக்கொண்டது. இனி இரண்டு மணி நேரம் யாரும் உள்ளே போகக் கூடாது, சத்தமும் கேட்கக் கூடாது. மாடிப்படியின் அடியில் காவலுக்கு உட்கார்ந்த ஜெனிலாவின் பக்கத்தில் இன்பம் வந்து, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதாள். சத்தம் போட்டு அழக்கூட வழியில்லை பாவம்!

"என்ன பேச்சுப் பேசிட்டேன்... என்னை மன்னிச்சிருட்டி..."

"மன்னிப்பெல்லாம் வேண்டாம் அத்தை." ஜெனிலாவும் கிசுகிசுப்பாகத்தான் சொன்னாள். "ஜனவரியில நானும் எழுதப் போறேன். மொதல்லயிருந்து படிச்சு எழுதப் போறேன். அன்னைக்கு இந்த ரூம் எனக்கு வேணும். பால் பொங்கி வழிஞ்சாலும், உங்களுக்கு இடுப்பு வலிச்சாலும் என்னைக் கூப்பிடக் கூடாது. இடம் கெடச்சா இந்தத் தடவை போயிருவேன்."

மருமகளாக வந்த நாளிலிருந்து அவள் தனக்கென்று கேட்ட முதல் பொருள் அதுதான். இன்பத்துக்கு அது அப்போதுதான் உறைத்தது. ஜெனிலாவின் தலையை இழுத்துத் தன் மார்போடு சேர்த்துக்கொண்டாள்.

"எழுதுட்டி... எழுதிட்டுப் போ! வாசல்ல நான் உக்காந்திருக்கேன். எவன் வந்து கதவைத் தட்டுதான்னு பாத்துருதேன்!"