வெள்ளிக்கிழமை எடுத்த படம்

துறைமுகத் திட்டக் கூட்டத்துக்காக அப்ரா உம்மாவோடு பள்ளிக்கூட மண்டபத்துக்குள் நுழைந்தாள்.

நடு மேசையில் அவர்களுடைய துறைமுகக் கரை சின்னதாக இருந்தது. வீடு, பள்ளிவாசல், தெரு எல்லாம் வெள்ளை அட்டையில் செய்தவை. மேலே தொங்கிய புரொஜெக்டர் அந்த அட்டை ஊரின்மீது வண்ண ஒளியைப் பாய்ச்சியது. திட்ட அதிகாரி நிலுஷா மிஸ் மடிக்கணினியைத் தட்டினால், புதுத் தெரு மஞ்சளாக ஓடும்.

"இந்த வெறும் மணலில வாகனத் தரிப்பிடம் வரும்," என்றார் மிஸ். கரையில் ஒரு துண்டு சிவப்பாகியது.

அப்ராவுக்குத் திக்கென்றது. அது அவளுடைய உம்மா பாய் விரித்துக் கருவாடு காயப்போடும் இடம். அது போனால் உம்மா எங்கே போவார்?

உம்மா எழுந்தார். "மிஸ், நாங்க மீன் காயப்போடுற இடம் அது."

"ட்ரோன் விட்டுப் படம் எடுத்துத்தான் செய்தனாங்கள், அம்மா. படத்தில அங்க ஒண்டும் இல்லையே."

சந்தையில் பத்துப் பேரை வாயடைக்கும் உம்மா, பேச்சு வராமல் உட்கார்ந்துவிட்டார். அதைப் பார்க்க அப்ராவுக்கு அழுகை வந்தது.

"மிஸ், அந்தப் படத்தைக் காட்டுவீங்களா?" என்று கேட்டுவிட்டாள்.

ட்ரோன் படம் அட்டை ஊரின்மேல் விரிந்தது. மணல் வெறுமையாகத்தான் கிடந்தது. மண்டபமே அப்ராவைப் பார்த்தது. பேசாமல் இருந்திருக்கலாமோ?

அப்போதுதான் பள்ளிவாசல் முற்றம் கண்ணில் பட்டது. அங்கே சைக்கிள்கள் நெருக்கியடித்து நின்றன. இடம் போதாமல் தெருவிலும் நின்றன.

"மிஸ், இது வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை நேரம் எடுத்தது. வெள்ளிக்கிழமை எங்கட கரையில ஒருத்தரும் மீன் காயப்போட மாட்டாங்க. பாயெல்லாம் கழுவிச் சுருட்டி வீட்டுக்குக் கொண்டுபோயிருவம்."

மிஸ் மடிக்கணினியில் திகதியைப் பார்த்தார். நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"ஓம். வெள்ளிக்கிழமைதான்."

அப்ரா கொப்பியிலிருந்து ஒரு தாளைக் கிழித்தாள். சின்னத் துண்டொன்றை அட்டை மணலில் வைத்தாள். "இது உம்மாட பாய்." இன்னொன்றை வைத்தாள். "இது ஜெஸ்மின் மாமிட."

"அடியே, என்ட பாய் தண்ணிக்குள்ள கிடக்கு," என்று ஜெஸ்மின் மாமி வந்து அதை நகர்த்தி வைத்தார். பிறகு ஒவ்வொருவராக வந்து தங்கள் பாயை வைத்தார்கள். அந்தத் தாள் முழுவதும் தீர்ந்தது.

மிஸ் வாகனத் தரிப்பிடத்தை மறுபடி போட்டார். இருபத்து மூன்று பாய்களும் சிவந்தன. அப்ரா உம்மாவின் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

மிஸ்ஸின் விரல் மெல்ல நகர்ந்தது. சிவப்பும் நகர்ந்து, மீன் வைக்கும் பழைய ஐஸ் அறைக்குப் பின்னால் போய் நின்றது. பாய்கள் மறுபடி வெள்ளையாயின.

"இங்க வந்தால் ஆருக்கும் இடைஞ்சலோ?"

"அங்க முள்ளுப் பத்தையும் ரெண்டு ஆடும்தான்," என்றார் உம்மா. அவருக்குக் குரல் திரும்பிவிட்டது.

"அப்ப அங்கயே போடுவம். திங்கக்கிழமை திரும்பப் படம் எடுக்கிறன். சரிதானே, அப்ரா?"

அப்ரா கொஞ்சம் யோசித்தாள்.

"வாங்க, மிஸ். ஆனா ட்ரோனை உசரத்தில விடுங்க. கருவாடு தூக்க வந்த காகமெண்டு நினைச்சு உம்மா கல்லெறிஞ்சிருவா."