குழந்தை முழிக்கிற முகம்

வியாழக்கிழமை காலை ஒன்பதுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது, அடையாற்றில் அந்த அடுக்குமாடிக் குடியிருப்பின் வாசலில், வேலைக்கு வருகிறவர்களைப் படம் பிடிக்கும் மெஷினுக்கு முன்னால் கயல் எப்போதும் போல நின்றாள். மெஷின் 'டிக்' என்றது. திரையில் அவள் முகம் வந்தது. அதில் வாய் நேராக இருந்தது.

கயலின் வாய் நேராக இருந்து மூன்று வருஷம் ஆகிறது. ஒருநாள் வாய் கொப்பளித்த தண்ணீர் ஒரு பக்கமாக வழிந்தபோதுதான் முகவாதம் வந்திருப்பது தெரிந்தது. வைத்தியம் பார்த்ததில் பாதிதான் திரும்பியது. வாய் இடப்பக்கம் இழுத்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டது. வலது கண் தூக்கத்தில்கூட முழுசாக மூடாது. பேச்சும் கொஞ்சம் குழறும்.

"இன்னா கயலு, வைத்தியம் மாத்தினியா?" என்றார் வாசல் காவலாளி ஷாஹுல் ஹமீது, திரையைப் பார்த்தபடி. பிறகு அவளைப் பார்த்தார். மறுபடி திரையைப் பார்த்தார். "மெஷின் கோளாறு. அழிச்சிட்டு இன்னொருதபா எடுக்கறேன், நில்லு."

"இருக்கட்டும் பாய். ஒரு நாளாவது அழகா இருந்துட்டுப் போறேன்."

"ஆமா, மேல உன்னப் பொண்ணு பாக்க வந்துகீறாங்க. ஓடு."

அந்தப் படம் மூன்றாவது மாடியில், கயல் வேலை செய்யும் வீட்டுக்காரி ஸ்ரீரஞ்சனியின் போனுக்குப் போனது. அங்கே அவள் விரலால் ஒரு தட்டு தட்டினாள். இங்கே கதவு திறந்தது.

கயலை ஒருமுறை பார்க்கிறவர்கள் அந்த ஒரு பார்வையிலேயே முடிவு கட்டிவிடுவார்கள். திமிர் பிடித்தவள், எகத்தாளமாகச் சிரிக்கிறாள், குடித்திருக்கிறாள். தி.நகர் கடைகளில் அவள் துணியைத் தொட்டால் பின்னாலேயே ஒரு ஆள் வந்து நிற்பான். ஏழு வீடுகளில் அவளை வேண்டாம் என்றார்கள். வேண்டாம் என்று சொல்லாதவர்களும் இரண்டாவது முறை அவள் முகத்தைப் பார்த்ததில்லை. தோளைப் பார்த்துப் பேசுவார்கள், கையில் இருக்கும் துடைப்பத்தைப் பார்த்துப் பேசுவார்கள்.

ஸ்ரீரஞ்சனி நல்லவள்தான். வேலைக்குச் சேர்த்துக்கொண்ட அன்று மயிலாப்பூரிலிருந்து வந்திருந்த அவள் மாமியார் நீரஜா, சமையலறையில் குரலைத் தாழ்த்தாமலேயே கேட்டாள். "குழந்தை கண்ணு முழிக்கறச்சே எதிர்ல இந்த முகமா நிக்கணும்?" அதற்கு ஸ்ரீரஞ்சனி ஒரு வழி கண்டுபிடித்தாள். "தப்பா எடுத்துக்காதே கயல். மஹதி எழுந்து, பால் குடிச்சப்பறம் நீ வந்தா போறும். ஒம்பது மணிக்கு." கயல் தலையாட்டினாள். அன்றிலிருந்து ஐந்து மாதமாக ஒன்பதுக்கு முன்னால் அவள் அந்த வீட்டுப் படியை மிதித்ததில்லை.

எட்டு மாதக் குழந்தை மஹதிக்கு இந்தக் கணக்கெல்லாம் தெரியாது. கயலைக் கண்டால் காலை உதைத்துக்கொண்டு சிரிக்கும். உலகத்தில் அவள் முகத்தை நேராக, நெடுநேரம், பயப்படாமல் பார்த்தது அந்த ஒரு உயிர்தான். அதற்காகவே பட்டினப்பாக்கத்திலிருந்து ஷேர் ஆட்டோவில் இடிபட்டு, பாலத்தில் ஆற்றுச் சேற்று நாற்றத்தைக் குடித்து, காய்ச்சல் நாளிலும் வந்துகொண்டிருந்தாள்.

வெள்ளிக்கிழமை எடுத்த படத்தில் வலது கண்ணும் சரியாகிவிட்டது. சனிக்கிழமை படத்தில் கன்னத்துக் கரும்புள்ளிகள் இல்லை. கயல் யாரிடமும் சொல்லவில்லை. வீட்டுக்குப் போய்க் கைக்கண்ணாடியில் பார்த்தாள். வாய் இழுத்த இடத்தில்தான் இருந்தது. ஆனாலும் அடுத்த தடவை மெஷினுக்கு முன்னால் நிற்கப்போகிறோம் என்று நினைத்தபோது அவளுக்குக் கொஞ்சம் கூச்சமாக, கொஞ்சம் சந்தோஷமாக இருந்தது.

ஞாயிறு விடுமுறை. திங்கட்கிழமை மெஷின் 'டிக்' என்றதும் திரையில் வந்த முகம் சிரித்தது. கயல் சிரித்திருக்கவில்லை. பெண்ணுக்கு இருக்க வேண்டிய களை என்று ஊரே சொல்லும் களை அந்த முகத்தில் இருந்தது. இரண்டு கண்ணும் ஒரே அளவு, உதடுகள் நூல் பிடித்த மாதிரி. அவள் நகர்ந்த பிறகும் படம் அணையவில்லை. திரும்பிப் பார்த்தாள். அந்தக் கண்கள் அவள் பக்கம் திரும்பியிருந்தன.

"பாய், அந்தப் படத்த அழிச்சிருங்க."

"அன்னிக்கே கேட்டேன், நீதானே வாணாம்ன?" ஷாஹுல் இரண்டு மூன்று தடவை அழுத்தினார். "அழிய மாட்டேங்குது. உடு கயலு, நல்லாதானே கீற."

மேலே தொட்டில் அறையில் ஜன்னல் சாத்தியிருந்தது. பேபி பவுடர் வாசமும் பால் வாசமும் கலந்த அந்தக் காற்றில், ராத்திரி முழுக்க சார்ஜில் கிடந்த போனிலிருந்து வருமே, அந்த மாதிரி சூடான பிளாஸ்டிக் வாடை மெல்லிசாக ஓடிக்கொண்டிருந்தது. கயல் மின்விசிறியை முகர்ந்தாள். சுவிட்சை முகர்ந்தாள். கடைசியில் குனிந்து குழந்தையின் கன்னத்தை முகர்ந்தாள். வாடை அங்கிருந்துதான் வந்தது.

குழந்தை கண்ணைத் திறந்து அவளைப் பார்த்தது. உதடு பிதுங்கியது. வீறிட்டு அழுதது.

ஐந்து மாதத்தில் ஒருநாளும் அது அவளைப் பார்த்து அழுததில்லை. தூக்கினாள், விறைத்துக்கொண்டது. அழுகையைக் கேட்டு ஸ்ரீரஞ்சனி ஓடிவந்தாள்.

"என்னடி மஹதி? கார்த்தால அப்படிச் சிரிச்சே இவளைப் பார்த்து."

"கார்த்தாலயா? நான் இப்பதானக்கா வர்றேன்."

"விளையாடாதே. ஆறு மணிக்கே வந்து குழந்தையைத் தூக்கிண்டே. நான் இன்னும் ரெண்டு மணி நேரம் தூங்கினேன். எவ்வளவு நாளாச்சு தெரியுமா அப்படித் தூங்கி? எட்டரைக்குத்தானே பால் வாங்கிண்டு வரேன்னு கீழே போனே." ஸ்ரீரஞ்சனி போனை நீட்டினாள். "வீடியோ கால்ல என் மாமியாரும் பார்த்தா. பொண்ணு களையா இருக்கா, தினமும் குழந்தை இவ முகத்துலயே முழிக்கட்டும்னு சொல்லிட்டா. இனிமே ஆறு மணிக்கே வந்துடு."

போனில் அந்தப் படம். மணி 6.02. அதே சிரிப்பு. பின்னால் வாசல் விளக்கு.

"அது நான் இல்லக்கா."

அப்போதுதான், ஐந்து மாதத்தில் முதல் தடவையாக, ஸ்ரீரஞ்சனி அவள் முகத்தை நன்றாகப் பார்த்தாள். இழுத்த வாயை. மூடாத கண்ணை. ஒரு அடி பின்னால் போனாள். குழந்தையைப் பிடுங்கி மறுதோளில் போட்டுக்கொண்டாள்.

"நீ... இன்னிக்கு ஆத்துக்குப் போ. போய்ட்டு நாளைக்கு வா."

"அக்கா, நாளைக்குக் காலையில கதவத் தொறக்காதீங்க. படம் வந்தா தட்டாதீங்க."

குழறியது பேச்சு. பயத்தில் இன்னும் குழறியது. ஸ்ரீரஞ்சனி கதவைச் சாத்தி, உள்ளே தாழ் போடும் சத்தம் கேட்டது.

அன்று கயல் தூங்கவில்லை. தன் வேலை போவதைப் பற்றி அவள் யோசிக்கவில்லை. குழந்தையின் கன்னத்து வாடை மூக்கை விட்டுப் போகவில்லை. எத்தனை காலை ஆகியிருக்கும்? அன்று காலை ஒன்றுதானா? இன்னொரு தரம் அது அந்த முகத்தில் முழிக்கக் கூடாது. முதல் வண்டியைப் பிடித்தாள். பாலத்தைத் தாண்டும்போது கிழக்கே வானம் வெளுக்க ஆரம்பித்திருந்தது.

ஐந்து ஐம்பது. வாசலில் நின்றாள்.

மெஷின் 'டிக்' என்று சொல்லவில்லை. திரை கறுப்பாக இருந்தது. அதில் அவள் நிழல்கூட விழவில்லை.

"யாரும்மா அது? இன்னா வோணும்?"

"நான்தான் பாய். கயலு."

ஷாஹுல் டார்ச்சை அவள் முகத்தில் அடித்தார். முகம் சுளித்தார். "கயலு இப்பதான் உள்ள போச்சி. நீ யாரு?"

"தினமும் பாக்கறீங்களே பாய். நான்தான்."

"கயல எனக்குத் தெரியாதா? லட்சணமான பொண்ணு. காலங்காத்தால குடிச்சிட்டு வந்துகினு... எட்ட போ."

அவள் உள்ளே ஓடப் பார்த்தாள். அவர் கையைப் பிடித்துக்கொண்டார். இரும்புப் பிடி. நடைப்பயிற்சிக்கு வந்த இரண்டு மூன்று பேர் நின்றார்கள். அவளை ஒருமுறை பார்த்தார்கள். அது போதுமாக இருந்தது. ஒருவர் போலீசுக்குப் போன் போட்டார்.

மூன்றாவது மாடியில் விளக்கு எரிந்தது.

பால்கனிக் கதவு திறந்தது.

அவள் வந்தாள். கயலின் உயரம். கயலின் புடவை. அந்த முகம். தோளில் மஹதி, இன்னும் தூக்கத்தில்.

"மஹதி," என்று கூப்பிட்டாள் கயல். சத்தம் வாயின் ஒரு பக்கமாகக் கசிந்து கீழேயே விழுந்தது.

மேலே அவள் குழந்தையைத் தோளிலிருந்து எடுத்தாள். தன் முகத்துக்கு நேராகப் பிடித்தாள். அவசரப்படவில்லை. காத்திருந்தாள்.

குழந்தை முழித்தது.

பார்த்தது. நெடுநேரம். அழவில்லை. காலை உதைக்கவில்லை. சிமிட்டவில்லை.

பிறகு அவள் அதைத் தெருப்பக்கம் திருப்பினாள்.

இரண்டு கண்ணும் ஒரே அளவு. உதடுகள் நூல் பிடித்த மாதிரி. எட்டு மாதக் குழந்தையின் உடம்பின் மேல், பெரிய மனுஷியின் அந்தச் சிரிப்பு. அது மெல்ல விரிந்தது. உள்ளே முழு வரிசையாகப் பல்.

"எவ்ளோ களையா இருக்கு பாருங்க குழந்தை," என்றார் பக்கத்தில் நின்ற ஒருவர். எல்லோரும் மேலே பார்த்துக் கையசைத்தார்கள்.

குழந்தை கயலைப் பார்த்தது. ஒருமுறைதான் பார்த்தது. பிறகு கையைத் தூக்கி, அவர்களுக்குத் திருப்பி அசைத்தது.