அழிக்காமல் கொடுத்த காது மெஷின்

எனக்குப் பாம்புச் செவி என்று வீட்டில் கிண்டல் செய்வார்கள். அந்தச் செவியை வைத்துத்தான் பிழைக்கிறேன். காது ஆஸ்பத்திரியின் மாடியில், படிக்கட்டு முடிகிற இடத்தில் என் அறை. இறந்துபோனவர்களின் காது மெஷின்களை வீட்டார் கொண்டுவந்து கொடுப்பார்கள். நான் அவற்றைத் துடைத்து, பழைய ஆளுக்கு வைத்த செட்டிங்கைக் கம்ப்யூட்டரில் அழித்து, வாங்க வழியில்லாதவர்களுக்குப் பொருத்திவிடுவேன். அழிக்காமல் எதையும் கொடுக்கக் கூடாது என்பதுதான் இங்கே ஒரே சட்டம். பன்னிரண்டு வருடத்தில் ஒரே ஒரு முறை அதை மீறினேன்.

ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம், மூக்குக்கண்ணாடிக் கூடு ஒன்றுடன் ஒரு பெரியவர் மூச்சு வாங்கப் படியேறி வந்தார். உள்ளே அவர் மனைவியின் இரண்டு மெஷின்கள் இருந்தன. படிவத்தில் போன் நம்பரை எழுதினார். கூட்டை மட்டும் கையை விட்டு விடவில்லை.

"உள்ள இருக்கறதையும் அழிச்சிடுவீங்கல்ல?"

அதுதானே எங்கள் வேலை என்றேன். அவர் நான் சொன்னதை நம்பாதவர் போலக் கூட்டை மேஜையில் வைத்துவிட்டுப் போனார்.

வருகிற மெஷின் ஒவ்வொன்றையும் டாக்டர் குழாய் போன்ற ஒரு ரப்பர் குழாயில் மாட்டி என் காதில் வைத்துக் கேட்பேன். பெரியவர் கொடுத்த இரண்டிலும் கேட்டேன். சத்தம் தெளிவாக இருந்தது. ஆனால் அடியில், வெகு மெதுவாக, ஏதோ தட்டிக்கொண்டிருந்தது.

தட்… தட்… தட்…

பேட்டரி முனை லூசாக இருக்கும் என்று நினைத்தேன். இறுக்கினேன். நின்றுவிட்டது.

வியாழக்கிழமை ஒரு தையல்காரி கைக்குழந்தையோடு வந்தாள். பிரசவத்துக்குப் பின் வந்த காய்ச்சலில் காது போனவள். மகளுக்கு ஒன்பது மாதம். புருஷன் லாரி ஓட்டப் போனால் வாரக்கணக்கில் வரமாட்டான். மாமியார் வேலைக்குப் போகிற பகல் நேரத்தில் இவளும் குழந்தையும் மட்டும்தான் வீட்டில். அழுத பிள்ளைதான் பால் குடிக்கும், அழுகையே கேட்காதவளிடம் பிள்ளை எப்படிப் பிழைக்கும் என்று சொல்லி, மறுநாள் குழந்தையைத் தன் மூத்த மகன் வீட்டுக்குக் கொண்டுபோக மாமியார் முடிவு செய்திருந்தாள். இதையெல்லாம் ஒரு காகிதத்தில் எழுதிக் கொண்டுவந்து நீட்டினாள்.

என் கெட்ட நேரம், கம்ப்யூட்டரில் மாட்டும் வயர் அன்று காலையில்தான் பழுதாகியிருந்தது. புது வயர் திங்கட்கிழமை வரும்; அதுவரை எந்த மெஷினையும் அழிக்கவோ புது ஆளுக்குச் சரிசெய்யவோ முடியாது. அவளுடைய காது ரிப்போர்ட்டை எடுத்துப் பார்த்தேன். மெஷின்களோடு கூட்டில் இருந்த பெரியவரின் மனைவியுடைய ரிப்போர்ட்டும் இதுவும் அச்சு அசல் ஒன்றுபோல் இருந்தன. பழைய செட்டிங்கே இவளுக்குப் பொருந்தும்.

பாவப்பட்டுக் கொடுத்தேன்.

மாட்டியதும் மடியில் இருந்த குழந்தை ஏதோ மழலை பேசியது. தையல்காரி வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். எனக்கும் கண் கலங்கிவிட்டது. அப்போது அவள் இடது காதில் மெஷின் கீச்சென்று விசில் அடித்தது. பயப்படாதே, கையோ, தலையணையோ, யாருடைய முகமோ காதுக்கு மிகவும் நெருங்கி வந்தால் அப்படித்தான் அடிக்கும் என்று விளக்கினேன்.

ஆனால் விசில் அடித்தபோது அவள் கைகள் இரண்டும் குழந்தையின் மேல் இருந்தன. நான் மேஜைக்கு இந்தப் பக்கம் இருந்தேன்.

திங்கட்கிழமை குழந்தையோடு மறுபடி வந்தாள். படிக்கட்டிலேயே அழுகைச் சத்தம் கேட்டது. தொண்டை கட்டிப்போன அழுகை. முகம் சிவந்து, உதடு வறண்டு, குழந்தை விறைத்துக்கொண்டு கத்தியது. தையல்காரி சிரித்துக்கொண்டே உட்கார்ந்தாள்.

"இப்பல்லாம் இவ அழறதே இல்லக்கா. எவ்வளவு சமத்துப் பாருங்க."

நான் எழுந்து குழந்தையைக் குனிந்து பார்த்தேன்.

"இப்ப அழறாளேம்மா."

"இல்லியே, தூங்கறா. யாரோ தட்டிக்கொடுக்கற சத்தம் கேக்குது பாருங்க." குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "காதுகிட்ட வந்து சொல்றாங்கக்கா. தூங்கிடுச்சு, எழுப்பாதேன்னு."

மெஷின் விசில் அடித்தது.

இரண்டையும் பிடுங்கினேன். புது வயர் வந்திருந்தது. அலமாரியில் சுத்தமாக அழித்து வைத்திருந்த வேறு ஒரு ஜோடியை எடுத்து, அவளுக்குச் சரிசெய்து மாட்டினேன். மறுநொடியே அவள் முகம் வெளிறிப்போனது. அழுகை கேட்டுவிட்டது. குழந்தையை அள்ளி மார்போடு அணைத்து, என் அறையிலேயே பால் கொடுத்தாள். நாலு நாளாக எத்தனை தடவை அழுதாளோ என்று கேட்டாள். தப்பு என்னுடையது.

அவள் போனதும் பெரியவருக்குப் போன் செய்தேன். அழிச்சீங்களா என்றுதான் முதலில் கேட்டார். இல்லை என்றேன்.

"எங்களுக்கு ஒரு கொழந்த இருந்துச்சு. காய்ச்சல்ல விடாம அழுதுச்சு. இவ தட்டிக்கொடுத்தா, அழுக நின்னுச்சு. தூங்கிடுச்சு, எழுப்பாதீங்கன்னு சொல்லி, சாயந்திரம் வரைக்கும் என்னைக் கிட்ட விடல."

அதோடு போனை வைத்துவிட்டார்.

நான் அந்த மெஷின்களைக் கம்ப்யூட்டரில் மாட்டி மூன்று முறை அழித்தேன். பிறகு ரப்பர் குழாயை மாட்டிக் கேட்டேன். துளிச் சத்தம் இல்லை. அப்பாடா என்று இருந்தது. அடியில் தட்டிக்கொண்டிருந்தது அழிந்ததா, அதற்கு முன்பே கிளம்பிப் போய்விட்டதா என்று யோசிக்க எனக்குத் தோன்றவில்லை.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் தையல்காரி போன் செய்தாள். புது மெஷின் நன்றாகக் கேட்கிறதாம், மாமியாரும் இனி குழந்தையைக் கொண்டுபோகும் பேச்சை எடுக்கமாட்டாளாம். பின்னால் குழந்தை வீறிட்டு அழுதுகொண்டிருந்தது.

"ஒண்ணு மட்டும் கேக்கணும்க்கா. இதுவும் சும்மா சும்மா விசில் அடிக்குது."

"அதைக் கழட்டு. உடனே கழட்டு. பாப்பா அழறா, தூக்கும்மா."

"மெதுவா பேசுங்கக்கா," என்று கிசுகிசுத்தாள். "இப்பதான் தூங்கினா."

எழுந்தேன். அவள் வீட்டுக்கு இரண்டு தெரு, ஓடிப் போய்விடலாம். கத்தினேன். செவிடன் காதில் ஊதிய சங்குதான். அழுகை மட்டும் எனக்குத் தெளிவாகக் கேட்டுக்கொண்டிருந்தது. போனைக் காதில் வைத்தபடி, அந்த அழுகையையே பிடித்துக்கொண்டு கதவுவரை போனேன்.

திடீரென்று அது கேட்கவில்லை.

குழந்தை நிறுத்திவிட்டதா, எனக்குத்தான் கேட்காமல் போனதா?

தட்… தட்… தட்…

போன் என் வலது காதில் இருந்தது. தட்டும் சத்தம் இடது காதில் கேட்டது.